வேலூரிலிருந்து பழங்கடலுக்கு: சுண்ணாம்புப் பாறைகளில் புதைபடிவம் காணப் புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

வேலூர்க் கோட்டையின் மதிலில் அடுக்கப்பட்ட கருங்கற்களை நாள் முழுவதும் ஆராய்ந்தாலும் ஒரு சிப்பியின் அடையாளத்தைக்கூடக் காண முடியாது. புதைபடிவங்களைப் பற்றிய வழிகாட்டியை, அவை இல்லாத இடத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இத்துறையில் ஆர்வம் கொண்டு என்னிடம் வரும் மாணவர்களில் பெரும்பாலோர், வீட்டுக்குப் பின்னுள்ள குன்றிலிருந்தோ பாலாற்றுப் படுகையிலிருந்தோ ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, இது பழைய கடல் உயிரியா என்று கேட்கின்றனர். இல்லை என்று மட்டும் சொல்லி அவர்களை அனுப்பிவிடுவது முறையன்று. நம் ஊர்ப் பாறையில் ஏன் இல்லை என்பதை விளங்கிக்கொண்டவருக்கு, வேறு எங்கே இருக்கும் என்பதும் பாதி விளங்கிவிடும். ஆகவே தேடலின் முதல் வாரத்தை நம் மாவட்டத்திலேயே செலவிடுங்கள்; பயணத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முதலில் உங்கள் ஊர்ப் பாறையைப் படியுங்கள்

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பெரும்பகுதி, நாம் பொதுவாகக் கருங்கல் என்று அழைக்கும் நைஸ், சார்னோகைட் முதலிய பாறைகளால் ஆனது. இவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டு உருமாறியவை. ஓடு உடைய உயிரினங்கள் உலகில் தோன்றியதே சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். எனவே வேலூர்க் குன்றுகள் உருவான நாளில் சிப்பியும் இல்லை, நத்தையும் இல்லை. பிற்காலத்தில் ஏதேனும் ஓர் உயிரி இப்பாறையின் மேல் மடிந்து கிடந்திருந்தாலும், அதனைப் போர்த்திக் காப்பாற்றும் சேற்றுப் படிவு இங்கே நிலைத்திருக்கவில்லை. ஏலகிரி மலையின் சையனைட் (syenite) என்னும் பாறையோ பாறைக்குழம்பு உறைந்து உண்டானது. அதிலும் உயிரெச்சம் இருக்க இடமில்லை.

இதை ஏட்டில் படித்து விட்டுவிடாமல் கண்ணால் காணுங்கள். மலைப்பாதை வெட்டிய சரிவு ஒன்றின் அருகே நின்று, பாறையில் வெளிறிய கோடுகளும் கரிய கோடுகளும் மாறி மாறி ஓடுவதைப் பாருங்கள். அவை சேறு அடுக்கடுக்காகப் படிந்ததால் வந்த கோடுகள் அல்ல. கனிமங்கள் அழுத்தத்தில் பிரிந்து வரிசைப்பட்டதால் வந்தவை. கைலென்ஸை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மணியும் பளபளப்பான முகத்தோடு பக்கத்து மணியுடன் இறுகப் பூட்டிக்கொண்டிருக்கும். படிவுப் பாறையில் மணிகள் தனித்தனியாக உருண்டு வந்து, பின்னர் ஏதோ ஒரு பசையால் ஒட்டவைக்கப்பட்டவை போல இருக்கும். இந்த ஒரு வேறுபாடு கைவந்துவிட்டால், எந்தக் கல்லை உற்றுப் பார்க்க வேண்டும், எதனைக் கடந்து செல்லலாம் என்பதில் உங்களுக்குத் தயக்கம் இராது.

நம் பகுதியில் கண்ணை ஏமாற்றும் பொருள்கள் மூன்றையும் இப்போதே அறிந்துகொள்வது நல்லது. பாறை பிளந்த முகத்தில் பெரணி இலை வரைந்தாற்போலக் கரிய கிளைகள் பரவியிருப்பதைப் பலர் செடியின் படிவம் என்று கருதுகின்றனர். அது மாங்கனீசு தாது வெடிப்பின் வழியாக ஊறிப் படர்ந்த கறை. குன்றின் மேல் முட்டை போல உருண்டு கிடக்கும் பெரும் பாறைகள், வெயிலிலும் மழையிலும் வெங்காயத் தோல் உரிவது போல அடுக்கடுக்காக உரிந்து உருண்டையானவை. நிலத்தை உழும்போது கிடைக்கும் வெளிறிய, கரடுமுரடான முடிச்சுகளைச் சிலர் எலும்பு என்று எண்ணி எடுத்து வருகின்றனர். அவை சுக்கான் கற்கள். மண்ணில் கரைந்திருந்த சுண்ணாம்பு, நீர் வற்றும்போது உறைந்து உருவாகும் கற்கள் அவை. புவியியல் கணக்கில் அவை நேற்றுப் பிறந்தவை.

சுண்ணாம்புக் கல்லா என்று சோதியுங்கள்

பழங்கடலின் உயிரெச்சங்களைத் தேடுவோருக்குச் சுண்ணாம்பே முதன்மையான துப்பு. சிப்பி, நத்தை, பவளம், கடல் முள்ளெலி ஆகிய அனைத்தும் கால்சியம் கார்பனேட்டினால் தம் ஓட்டைக் கட்டுகின்றன. அதே பொருள்தான் சுண்ணாம்புக் கல்லாகவும் ஆகின்றது. அமிலம் பட்டவுடன் அது கரியமில வாயுவை வெளியிட்டுப் பொங்கும். மளிகைக் கடையில் கிடைக்கும் வினிகரே இதற்குப் போதும். கழிவறை கழுவும் அமிலத்தை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் புகை நுரையீரலுக்குத் தீங்கு செய்யும், கையிலும் கண்ணிலும் பட்டால் புண்ணாக்கும்.

சிறிய கிண்ணங்களில் ஒரு கிளிஞ்சல், கோழிமுட்டை ஓடு, சுக்கான் கல், வெங்கச்சங்கல், ஒரு கருங்கல் துண்டு, பள்ளியில் எழுதப் பயன்படும் சாக்பீஸ் ஆகியவற்றைத் தனித்தனியாக இட்டு, ஒவ்வொன்றின் மீதும் வினிகரை ஊற்றிப் பாருங்கள். வினிகர் வலுக்குறைந்த அமிலம் ஆகையால், கடினமான துண்டுகளை அம்மியில் பொடித்துக்கொண்டால் விளைவு தெளிவாகத் தெரியும். கிளிஞ்சலும் முட்டை ஓடும் சுக்கான் கல்லும் குமிழிடும். வெங்கச்சங்கல்லும் கருங்கல்லும் அசையாமல் கிடக்கும். சாக்பீஸும் பெரும்பாலும் குமிழிடாது என்பதுதான் மாணவர்களை மிகவும் வியப்பில் ஆழ்த்துகின்றது. சீமைச் சுண்ணாம்பு என்று நாம் பெயரிட்டு அழைத்தாலும், இன்று கடையில் விற்கும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தால் செய்யப்படுகின்றது. உண்மையான சீமைச் சுண்ணாம்புப் பாறை வேறு.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு என்பதைக் கற்பிக்கவும் நம் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கின்றது. திருப்பத்தூருக்கு அருகிலுள்ள செவ்வாத்தூரில் காணப்படும் கார்பனடைட் என்னும் பாறை அமிலம் பட்டால் பொங்கும். ஆனால் அது கடலில் படிந்தது அன்று. கார்பனேட் நிறைந்த பாறைக்குழம்பு நிலத்தின் அடியிலிருந்து எழுந்து உறைந்ததால் உண்டான அரிய பாறை அது. உலகில் இவ்வகைப் பாறைகள் உள்ள இடங்கள் சில நூறே. பொங்குவதெல்லாம் சிப்பிகளின் கல்லறை ஆகிவிடாது என்பதை நான் எத்தனை முறை வாயால் சொன்னாலும் பதியாது; செவ்வாத்தூர்க் கல்லை ஒருமுறை கையில் எடுத்துச் சோதித்தவர் மறப்பதில்லை. ஆகவே சோதனை இரண்டு கேள்விகளால் ஆனது: கல் பொங்குகிறதா, அதன் மணிகள் படிந்தவை போல இருக்கின்றனவா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் லென்ஸை எடுங்கள்.

சீமைச் சுண்ணாம்பு எப்படி உண்டாயிற்று

இங்கிலாந்தின் டோவர் கரையில் வெண்மையாக எழுந்து நிற்கும் செங்குத்துப் பாறைகளைப் படங்களில் கண்டிருப்பீர்கள். அவைதான் முறையான சீமைச் சுண்ணாம்புப் பாறைகள். கடலின் மேற்பரப்பில் மிதந்து வாழ்ந்த, கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாசிகள், தம் உடலைச் சுற்றி வட்டத் தட்டுகள் போன்ற சுண்ணாம்புச் செதில்களை அணிந்திருந்தன. அந்தச் செதில் ஒன்றின் அகலம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குகளே. பாசி மடிந்ததும் செதில்கள் மெல்ல மெல்லக் கடலடியை அடைந்து வெண்சேறாகப் படிந்தன. ஆயிரம் ஆண்டுகளில் சில சென்டிமீட்டர் உயரமே சேர்ந்த அந்தச் சேறு, சில கோடி ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான மீட்டர் கனமாகி இறுகிற்று. ஆற்றுமணலும் களிமண்ணும் எட்டாத தொலைவில் படிந்ததால்தான் அதற்கு அத்தனை வெண்மை. சுண்ணாம்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே அந்தக் காலத்துக்குக் கிரெட்டேசியஸ் என்னும் பெயர் வந்தது. 1822-இல் பெல்ஜிய நாட்டுப் புவியியலாளர் ஒருவர் அப்பெயரைச் சூட்டினார். சுமார் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம் அது.

அதே காலத்துக் கடல் தமிழ்நாட்டின் மேலும் ஏறி வந்தது. கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் உடைந்து, இந்தியாவின் கிழக்கு ஓரம் அண்டார்டிகாவிலிருந்து விலகியபோது, நம் கரையோரம் நெடுகப் பள்ளங்கள் விழுந்தன. துருவங்களில் பெரும் பனிப்பாளங்கள் இல்லாத வெப்பமான காலமாக அது இருந்ததாலும், கடலடி மலைத்தொடர்கள் விரைந்து வளர்ந்து நீரை மேலே தள்ளியதாலும், உலகெங்கும் கடல்மட்டம் இன்றைவிட மிக உயர்ந்து நின்றது. காவிரிப் படுகை என்று இன்று அழைக்கப்படும் பள்ளத்தில் அக்கடல் புகுந்து, இன்றைய அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டப் பகுதிகளில் பல முறை ஏறியும் இறங்கியும் படிவுகளை விட்டுச் சென்றது. டோவரில் உள்ளது போன்ற தூய வெண்பாறை இங்கே இல்லை. கரை அருகிலேயே இருந்ததால் களிமண்ணும் மணலும் கலந்த படிவுகளும், இடையிடையே சிப்பிகள் நிறைந்த சுண்ணாம்புக் கற்களும் உள்ளன. இந்தக் கலப்பை ஒரு குறையாக நான் கருதவில்லை. ஒரு கரையின் வாழ்வு முழுவதும் அதில் பதிந்திருக்கின்றது.

நம்மவர்கள் உணர வேண்டிய மற்றொன்றும் உண்டு. அக்கடல் ஏறி மோதிய கரைப்பாறை, நம் குன்றுகளின் இனத்தைச் சேர்ந்த அதே பழைய நைஸ். அடிப்படிவுகளில் அந்த நைஸின் உருண்டைக் கற்கள் புதைந்து கிடப்பதைக் காணலாம். வேலூர்ப் பாறையைப் படித்துவிட்டு அங்கே செல்பவர், கடலுக்கு முந்தைய தரையைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்.

1840-களில் ஆங்கிலேய அதிகாரிகள் சேகரித்து அனுப்பிய சிப்பிகளால் இப்பகுதி அறிவியலாளர்களின் கவனத்துக்கு வந்தது. பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எச். எஃப். பிளான்ஃபோர்டு இங்கே நடந்து நடந்து வரைபடம் வரைந்து, 1862-இல் வெளியிட்ட அறிக்கையில் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அவ்வூர்ப் பெயர்கள் இன்றும் உலகப் புவியியலில் வழங்குகின்றன. ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா என்பவர் இங்குக் கிடைத்த நூற்றுக்கணக்கான உயிரினங்களை விவரித்து எழுதினார்.

கையில் எடுத்ததும் என்னவென்று அறிவது எப்படி

புதியவர்கள் அம்மோனைட்டையே தேடுகின்றனர். ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அதன் அழகு அத்தகையது. கணவாய் மீனுக்கு உறவான அந்த உயிரி, சுருள் ஓட்டை அறை அறையாகக் கட்டி, கடைசி அறையில் தான் வாழ்ந்தது. படிவத்தின் மேல் வேப்பிலை விளிம்பு போல நெளிந்து நெளிந்து செல்லும் கோடுகள் தெரிந்தால் அது அம்மோனைட் என்று உறுதி செய்யலாம். அறைச்சுவர்கள் ஓட்டோடு சேரும் இடங்கள் அவை. கோடுகள் நெளியாமல் எளிய வளைவுகளாக இருந்தால் அது அம்மோனைட்டின் உறவான நாட்டிலஸ் வகையாக இருக்கும். வைணவ இல்லங்களில் பூசையில் வைத்திருக்கும் சாளக்கிராமங்கள் பலவும் நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட் படிவங்களே. பெரியோர் சக்கரம் என்று காட்டும் சுருள் வடிவம் அந்த ஓட்டின் பதிவு. வீட்டில் சாளக்கிராமம் உள்ளவர்கள், பெரியோரின் அனுமதி பெற்று அதனை ஒருமுறை கூர்ந்து பார்த்தால், களத்தில் அம்மோனைட்டை அடையாளம் காண்பது எளிதாகிவிடும்.

பெலம்நைட்டைப் பார்த்தவுடன் துப்பாக்கித் தோட்டா என்றே எண்ணத் தோன்றும். இதுவும் கணவாயின் உறவினம்; நமக்குக் கிடைப்பது அதன் உடலுக்குள் இருந்த கூர்நுனித் தண்டு. அது உடைந்திருந்தால் குறுக்குமுகத்தைப் பாருங்கள்: நடுவிலிருந்து மயிரிழை போன்ற கதிர்கள் விளிம்பு நோக்கிப் பரவியிருக்கும். சாதாரணக் கூழாங்கல்லில் இந்த அமைப்பைக் காண முடியாது.

ஏன் சில ஓடுகள் அப்படியே மின்னுகின்றன, சில வெறும் அச்சாக மட்டும் நிற்கின்றன என்னும் கேள்வி களத்தில் விரைவில் எழும். கால்சியம் கார்பனேட் இரு வடிவங்களில் ஓடாகின்றது. ஒன்று கால்சைட், மற்றொன்று அரகோனைட். கால்சைட் நிலையானது, ஆலிச் சிப்பிகள், பெலம்நைட்டுகள், கடல் முள்ளெலிகள் ஆகியவை அதனால் ஆனவை, எனவே ஓடு அப்படியே நிலைக்கின்றது. அரகோனைட் எளிதில் கரைந்துவிடும்; அம்மோனைட்டின் ஓடும் பெரும்பாலான நத்தைகளின் ஓடும் அவ்வாறு ஆனவை. ஓடு கரைந்தபின், உள்ளே புகுந்து இறுகியிருந்த சேறு மட்டும் உயிரியின் உள்வடிவத்தைத் தாங்கி நிற்கும். இட்லித் தட்டை எடுத்துவிட்டாலும் குழியின் வடிவம் இட்லியில் நிற்பது போன்றது அது. இதை அறியாதவர் உள்வார்ப்பைத் தேய்ந்துபோன கல் என்று எறிந்துவிடுகின்றனர். அவ்வாறு எறிய வேண்டாம். நெளிகோடுகள் உள்வார்ப்பில்தான் மிகத் தெளிவாகத் தெரியும்.

அரியலூர்ச் சுண்ணாம்புக் கற்களில் மிகுதியாகக் கிடைப்பவை ஆலிச் சிப்பிகள். ஒரு பக்கம் கிண்ணம் போலக் கனமாகக் குழிந்து, நுனி சுருண்டு, மறுபக்கம் மூடி போலத் தட்டையாக இருக்கும் கிரிஃபியா வகையைக் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லில் கூட்டங்கூட்டமாகக் காணலாம். கடல் முள்ளெலியின் ஓட்டில் ஐந்து இதழ்கள் விரிந்தாற்போலப் புள்ளி வரிசைகள் இருக்கும். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரின் களிமண் படிவுகளிலிருந்து சுறாவின் பற்களும், மீன்பல்லி என்று சொல்லத்தக்க இக்தியோசார் என்னும் கடல் ஊர்வனவற்றின் பற்களும் பதிவாகியுள்ளன. இவை சிறியவை, ஆகையால் பொறுமை வேண்டும்.

உருண்டையான கல்லைக் கண்டவுடன் டைனோசர் முட்டை என்று அறிவித்துவிட வேண்டாம். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி தோண்டியபோது வெளிப்பட்ட உருண்டைகள் அவ்வாறே செய்தியாகப் பரவின. ஆய்ந்து பார்த்த புவியியலாளர்கள், அவை அம்மோனைட்டைச் சுற்றிக் கடற்சேறு இறுகி உருவான கற்கள் என்று விளக்கினர். செத்துக் கிடந்த உயிரியைச் சுற்றி இருந்த சேற்றில் வேதிமாற்றம் நடந்து, அப்பகுதி மட்டும் முதலில் கெட்டிப்படுவதால் இத்தகைய உருண்டைகள் உண்டாகின்றன. முட்டை இல்லை என்று மக்கள் ஏமாற்றமடைந்தது எனக்கு வருத்தம் தந்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் உயிரி ஒன்று தன் ஊர் ஏரியின் அடியில் கிடப்பது எவ்வகையிலும் குறைந்த செய்தி அன்று.

எங்கே, எப்போது, எப்படிச் செல்வது

ஒரே நாளில் சென்று திரும்ப விரும்புவோர் முதற்பயணமாக விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையைத் தேர்ந்தெடுக்கலாம். பௌர்ணமியன்று வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு நம் பக்கத்திலிருந்து செல்வோர் பலர். அந்தக் கோயிலுக்கு அருகிலேயே கல்மரப் பூங்கா இருக்கின்றது. இது கடற்படிவம் அன்று. ஆறுகள் அடித்து வந்த மரங்கள் மணலில் புதைந்து, மரத்தின் நார்களுக்குள் மணலின் பொருளான சிலிக்கா புகுந்து கல்லானவை. வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். வினிகர் இங்கே பொங்காது. ஓர் உயிர்ப்பொருள் கல்லாவதைக் கண்ணால் காண இதைவிட எளிய இடம் நமக்கு இல்லை.

கடற்படிவங்களுக்கு அரியலூர்தான் தலைவாசல். காட்பாடியிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட், திருவண்ணாமலை வழியாக விழுப்புரத்துக்கு இருப்புப்பாதை உண்டு. விழுப்புரத்தில் இறங்கி, விருத்தாசலம் வழியாகத் திருச்சி செல்லும் வண்டியில் ஏறினால் அரியலூர் வந்துவிடும். குறைந்தது இரண்டு நாள்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள். முதல் நாளை முழுமையாக வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். களத்துக்கு விரைந்தோடும் ஆவலில் அருங்காட்சியகத்தை இறுதிக்குத் தள்ளுபவர்களை நான் தொடர்ந்து காண்கிறேன். அது தலைகீழான வரிசை. பெயரிட்டு வைத்த ஐம்பது மாதிரிகளைப் பார்த்து, அவற்றுள் பத்தையாவது உங்கள் கையால் வரைந்த பிறகு களத்துக்குச் சென்றால், முன்னர் வெறும் கல்லாகத் தெரிந்ததெல்லாம் பேசத் தொடங்கும்.

இரண்டாம் நாள் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரத்தையும் காரைப் பகுதியையும் பார்க்கலாம். சாத்தனூரில் 18 மீட்டருக்கும் மேல் நீளமான ஊசியிலை வகை மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கின்றது. 1940-இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்து தெரிவித்தார். மரம் நிலத்தில் வளர்ந்தது, ஆனால் அதைச் சுற்றியுள்ள படிவு கடலில் படிந்தது. கரையிலிருந்து அடித்துச் செல்லப்பட்டு, நீர் ஊறி மூழ்கிய மரம் அது என்பதை உணர்ந்து நின்றால், அந்த இடத்தின் கரை எவ்வளவு அருகில் இருந்திருக்கும் என்பது புலப்படும். காரையில் மழைநீர் அரித்து அரித்து உண்டாக்கிய வறண்ட ஓடைகளும் களிமண் மேடுகளும் பரந்து கிடக்கின்றன. வெயிலில் கண்ணாடிச் சில்லுகள் போல மின்னுபவை ஜிப்சம் படிகங்கள். அவற்றைக் கண்டு மயங்காமல் மேடுகளின் அடிவாரத்தில் தேடுங்கள். கனமான பெலம்நைட்டுகள் மண் கரைந்தபின் அங்குதான் தங்குகின்றன.

செல்வதற்கு ஏற்ற காலம் தை, மாசி. வடகிழக்குப் பருவமழை மண்ணைக் கழுவிப் புதிய படிவங்களை வெளிக்கொணர்ந்திருக்கும், சேறும் காய்ந்திருக்கும். வேலூர் வெயிலில் பழகியவர் என்பதற்காகச் சித்திரையில் காரைக்குச் செல்லத் துணிய வேண்டாம், அங்கே ஒதுங்க ஒரு மரநிழல்கூடக் கிடைப்பது அரிது. மழைநாளில் அந்தக் களிமண் வழுக்கும்.

சுண்ணாம்புக் கல் வெட்டும் சுரங்கங்களில் மேலாளரின் எழுத்து அனுமதியின்றி நுழையக் கூடாது. வெடி வைக்கும் நேரம் வெளியாளுக்குத் தெரியாது; சுரங்கச் சுவரும் எந்நேரமும் சரியலாம். தனியார் நிலமானால் உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் வணக்கம் சொல்லி, "ஐயா, கல்லான சிப்பி பார்க்க வந்திருக்கோம்" என்று பணிவாகச் சொன்னால், பெரும்பாலும் அவரே வழி காட்டுவார். திருவக்கரையும் சாத்தனூரும் தேசியப் புவியியல் நினைவிடங்கள். அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது.

களத்தில் செய்ய வேண்டியவை

பையில் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சிறு புட்டியில் வினிகர், மென்மையான வண்ணத் தூரிகை, ஆறு அங்குல அளவுகோல், பென்சில், கட்டம் போட்ட குறிப்பேடு, பழைய செய்தித்தாள், இவற்றோடு போதிய தண்ணீர் ஆகியவை போதும். சுத்தியல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாறையில் பதிந்திருப்பதைப் பயிற்சி இல்லாதவர் தட்டி எடுக்க முயன்றால் பெரும்பாலும் உடைந்தே வரும். உடைந்தபின் அது யாருக்கும் பயன்படாது.

படிவம் ஒன்றைக் கண்டால், கையில் எடுப்பதற்கு முன் அது கிடந்த நிலையிலேயே அளவுகோலை அருகில் வைத்து ஒளிப்படம் எடுங்கள். பின்னர் சில அடிகள் பின்வாங்கி, மேட்டையும் ஓடையையும் சேர்த்து மற்றொரு படம் எடுங்கள். கைப்பேசியில் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். படிவம் பாறையோடு ஒட்டியிருந்ததா, மண்மேல் தளர்ந்து கிடந்ததா என்பதையும் எழுத வேண்டும். தளர்ந்து கிடந்தது மேலுள்ள அடுக்கிலிருந்து உருண்டு வந்திருக்கலாம். களிமண்ணின் நிறம், மணலின் அளவு, வினிகருக்குப் பொங்கியதா என்பன ஒரே வரியில் அடங்கிவிடும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்கு என் சொந்த அனுபவமே காரணம். நான் முதன்முறை சென்றபோது அள்ளிக்கொண்டு வந்த பதினேழு படிவங்கள் இன்றும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. அவற்றுள் ஓர் அம்மோனைட் மிக நேர்த்தியானது. ஆனால் எந்த ஓடையில், எந்த அடுக்கில் எடுத்தேன் என்று எழுதி வைக்கவில்லை. பின்னாளில் அதைப் பார்த்த ஆய்வாளர் ஒருவர் கேட்ட முதற்கேள்விக்கே என்னிடம் விடை இல்லை. அம்மோனைட் இனங்கள் விரைவாக மாறிக்கொண்டே வந்தவை. ஓர் இனம் கிடைக்கும் அடுக்கைக் கொண்டு அந்த அடுக்கின் வயதையே கணிக்கின்றனர். இடம் தெரியாத அம்மோனைட், நாளும் ஊரும் கிழிந்துபோன ஓர் ஓலையைப் போன்றது. அதை அது கிடந்த இடத்திலேயே விட்டு, படம் மட்டும் எடுத்து வந்திருந்தால், பின்னால் வந்த ஒருவருக்காவது பயன்பட்டிருக்கும்.

எலும்பு, பல், முழு மரம் போன்ற அரிய பொருள் தென்பட்டால் தொடாமல், படத்தையும் இடக்குறிப்பையும் அருங்காட்சியகத்துக்கோ அருகிலுள்ள கல்லூரிப் புவியியல் துறைக்கோ தெரிவியுங்கள். பொதுவாகக் கிடைக்கும் உடைந்த சிப்பிகளில் ஒன்றிரண்டை நில உரிமையாளரின் இசைவோடு எடுத்து வந்தால் போதும். ஒவ்வொன்றையும் தனித்தனிச் செய்தித்தாளில் சுற்றி, உள்ளேயே ஒரு துண்டுச் சீட்டில் இடமும் நாளும் எழுதி வையுங்கள். படிவங்களை விற்பவரிடம் விலைகொடுத்து வாங்காதீர்கள். வாங்குபவர் இருக்கும் வரை தோண்டி எடுத்து விற்பவரும் இருப்பார்.

வீட்டில் ஒரு பிடி மண்ணைக் கொண்டு

பெரிய ஓடுகளைக் காட்டிலும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது, இசைவு பெற்றுக் கொண்டுவந்த ஒரு பிடிக் களிமண்தான். அதை நன்றாக வெயிலில் காயவைத்து, சுடுநீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, மண்ணை அதில் இட்டு இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் மண் கூழாகத் தளர்ந்திருக்கும். அரிசி களைவது போல மெல்லச் சுழற்றி, கலங்கல் நீரை மட்டும் வடித்துவிட்டு, புதிய நீரை ஊற்றுங்கள். கையால் பிசைந்து தேய்க்க வேண்டாம், நுண்ணோடுகள் நொறுங்கிவிடும். வடிக்கும் நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் களிமண் குழாயை அடைத்துவிடும் என்பதால், தோட்டத்தில் ஊற்றுவது நல்லது.

பத்துப் பன்னிரண்டு முறை இவ்வாறு செய்தபின் நீர் தெளிந்து, பாத்திரத்தின் அடியில் ஒரு சிட்டிகை மணல் போன்ற பொருள் தங்கும். அதை நிழலில் உலர்த்தி, கறுப்புத் தாளின் மேல் தூவி, லென்ஸாலோ பள்ளி நுண்ணோக்கியின் குறைந்த பெருக்கத்திலோ பாருங்கள். மணலின் கண்ணாடி மணிகளுக்கு இடையே, கடுகில் பாதி அளவுகூட இல்லாத சிறு சுருள்களும், திராட்சைக் கொத்துப் போல ஒட்டிய உருண்டைகளும் தென்பட்டால், அவை ஃபொராமினிஃபெரா என்னும் ஒற்றைச்செல் உயிரிகளின் ஓடுகள். சீமைச் சுண்ணாம்பில் பாசிகளின் செதில்களோடு கலந்து படிந்தவையும் இவ்வினமே. பாசிச் செதில்களைக் காண ஆயிரம் மடங்கு பெருக்கம் வேண்டும். அதற்குக் கல்லூரி ஆய்வகத்தை நாடலாம். ஈரமாக்கிய மெல்லிய தூரிகை நுனியால் ஒவ்வோர் ஓட்டையும் தொட்டு எடுத்து, சிறு கண்ணாடித் தட்டில் ஒட்டி, மண் எடுத்த இடத்தின் பெயரை அதன் ஓரத்தில் எழுதி வையுங்கள். முதல் தட்டில் இருபது ஓடுகள் சேரும் வரை, அடுத்த பயணத்துக்கு நாள் குறிக்க வேண்டியதில்லை.